பெஞ்சில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஹாக்கி அணியின் முதல் பதினொருவரில் உனக்கு இடமில்லை, உள்ளே அனுப்பினாலும் பெனால்டி கார்னர் தடுக்கும் வேலைதான் தருகிறார்கள், அணியை விட்டு விலகிவிடட்டுமா என்று கேட்டாய். படிக்க நேரம் போதவில்லையென்றால் விலகு, நானும் அம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டோம். ஆனால் அது சின்ன வேலை என்று நினைத்து விலகாதே.

அந்த வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பார். கார்னர் கிடைத்த எதிரணி, கோல் பக்க எல்லைக்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளி, நிறுத்தி, கோலை நோக்கி அடிக்கப் போகிறது. தடுக்க நிற்பது கோல் கீப்பரோடு சேர்த்து ஐந்தே பேர். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால். பந்து உள்ளே தள்ளப்பட்டதும், டிராக் ஃபிளிக், அதாவது பந்தை மட்டையால் இழுத்து வீசும் அடி, அடிக்கப் போகிறவளை நோக்கி முதல் ஆளாக ஓடுபவள் நீ. ஒரு பக்கத்தை நீ அடைப்பாய் என்று நம்பித்தான் கோல் கீப்பர் மறுபக்கத்தைப் பார்க்கிறாள். நீ பயந்து அரை அடி விலகினால் போதும், அவள் விட்டு வைத்த பக்கத்தில் பந்து போய்விடும். பார்க்கிறவர்கள் அவளைத்தான் திட்டுவார்கள். அவசரப்பட்டு முன்கூட்டியே ஓடினாலோ, நடுவர் உன்னை நடுக்கோட்டுக்கு அனுப்பிவிடுவார். உன் இடத்துக்கு வேறு ஆள் வர முடியாது, மீதி நால்வர்தான் சமாளிக்க வேண்டும். பாய்கிற துணிச்சலும் வேண்டும், பந்து அசையும்வரை காத்திருக்கிற அடக்கமும் வேண்டும். மன உறுதி என்று மேடையில் எவ்வளவோ பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்து ஹாக்கியில் அது இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் இடம் வேறில்லை.

1975 ஹாக்கி உலகக் கிண்ணம் நம் கோலாலம்பூரில்தான் நடந்தது. ஸ்ரீ சண்முகநாதனும் மகேந்திரனும் ஆடிய நம் மலேசிய அணி நெதர்லாந்தையே வென்று அரையிறுதிக்குப் போனது. எதிரே இந்தியா. 2-1 என்று நாம் முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது இந்தியாவுக்குப் பெனால்டி கார்னர். பெஞ்சில் இருந்த அஸ்லாம் ஷேர் கானை இறக்கினார்கள். அடித்தார், சமநிலை. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் இன்னொன்று போட, 3-2. அந்தக் கிண்ணமும் இந்தியாவுக்கே போனது. நமக்கு நான்காம் இடம். நம் ஆண்கள் அணி இன்றுவரை அதற்கு மேலே போனதில்லை. செந்தூலில் பழைய ஆட்டக்காரர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. எனக்கும் வருத்தம்தான், ஆனால் அஸ்லாமை மதிக்கிறேன். தன்னை உட்கார வைத்துவிட்டார்களே என்று அவர் பெஞ்சில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் அந்தப் பந்து கோலுக்குள் போயிருக்குமா, சொல்?

இப்போதெல்லாம் ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பெனால்டி கார்னர் நடக்கும் நேரம் தவிர எந்த நிமிடமும் உன்னைக் கூப்பிடலாம். அதனால் உட்கார்ந்திருக்கும்போது எதிரணியின் கார்னர்களைக் கவனி. பந்தைத் தள்ளுபவள் யார், நிறுத்துபவள் எங்கே நிற்கிறாள், அடிப்பவளின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது. பார்த்ததைக் கோல் கீப்பரிடம் போய்ச் சொல். உன் இடத்தில் ஆடுகிறவளுக்கும் சொல். இதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவள் நன்றாக ஆடினால் உனக்கு வாய்ப்புக் குறையும். இருந்தாலும் சொல், மா.

அப்புறம், வலியை மறைத்து ஆடுவதுதான் உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதே. முகக் கவசமும் முழங்கால் கவசமும் இல்லாமல் ஓடக் கூடாது. தலையில் அடிபட்டுக் கிறுகிறுத்தால் அந்த நொடியே பயிற்றுநரிடம் சொல்லி வெளியே வந்துவிடு. தடுமாறுகிற ஆளை நம்பி உன் கோல் கீப்பர் ஒரு பக்கத்தை விட்டு வைக்கக் கூடாது. தோற்றால் அழு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த மாதம் உன் ஆட்டத்துக்கு நாங்கள் வருகிறோம். இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து பினாங்குத் தீவுக்குப் பெர்ரி. நீ எவ்வளவு நேரம் திடலில் இருந்தாய் என்று கணக்குப் பார்க்க மாட்டேன். நீ ஓடுகிற ஒவ்வொரு கார்னரையும் பார்ப்பேன். முழங்கால் கவசத்தின் பட்டை தளர்ந்துவிட்டது என்றாயே, அளவை வாட்ஸ்அப்பில் அனுப்பு. இங்கே வாங்கிக் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா
செந்தூல், கோலாலம்பூர்