டாக்டர் ஐயா அன்றே விட்டுவைத்த வழி

எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் ரத்தப் பரிசோதனையில், மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் 0.8, அதாவது நார்மல் என்று வந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதுமே இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

2016-ல் பித்தப்பைக் கல்லை எடுக்கும்போது, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் என் பித்தநாளம் வெட்டுப்பட்டுவிட்டது. அந்தக் கதை இங்கே வேண்டாம். வயிற்றில் குழாயும் பையுமாகப் பத்து வாரம் காத்திருந்தேன். சீழ் வற்றிய பிறகு சர்ஜன் ஐயா நாளத்தைச் சீரமைத்தார். சிறுகுடலை வெட்டி, கீழ்ப்பாதியை மேலே இழுத்து, கல்லீரலிலிருந்து வரும் நாளத்தோடு தைத்தார். மேல்பாதியை அதன் பக்கவாட்டில் சேர்த்தார். சுவிட்சர்லாந்து சர்ஜன் சீசர் ரூ பெயரில் வழங்கும் 'ஒய்' வடிவ இணைப்பு இது.

தைத்த இடம் பல வருஷம் கழித்தும் சுருங்கலாம். அப்போது வாய் வழியாகச் சாதாரண எண்டோஸ்கோப்பை, அதாவது கேமரா வைத்த குழாயை, விட்டால் எட்டாது. இரைப்பையைத் தாண்டி, குடல் சேரும் இடம் வரை இறங்கி, அங்கிருந்து கல்லீரலை நோக்கித் திரும்ப ஏற வேண்டும். அவ்வளவு தூரம் போகிற பலூன் எண்டோஸ்கோப் எங்கள் பக்கம் இல்லை.

ஐயா, நீங்கள் இதை அன்றே யோசித்துவிட்டீர்கள். மேலே இழுத்த குடலின் மூடிய நுனியை வலது விலாவுக்குக் கீழே, தோலுக்கு அடியிலேயே நிறுத்தித் தைத்தீர்கள். எக்ஸ்ரேயில் தெரியும்படி சின்ன உலோகக் கிளிப்புகளும் போட்டீர்கள். நான் தையல் மெஷினில் பிழைப்பவள். பின்னால் பிரிக்க வேண்டியிருக்கும் என்று ரவிக்கையில் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பேன். பின்னால் அடைத்துக்கொண்டால் அந்த நுனி வழியாக உள்ளே போகலாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு அப்போதே புரிந்தது.

2024-ல் குளிர் ஜுரம், மஞ்சள் கண், தூங்கவிடாத அரிப்பு. நடுராத்திரியில் கூப்பிட்டதும் வந்த ஆட்டோ அண்ணனுக்கு நன்றி. அந்த அவசரத்திலும் என் பழைய ஃபைலை மறக்காமல் எடுத்துவந்தது அண்ணி. வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்துப் பாதுகாத்திருந்தார்கள். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது!

டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்பக்கம் நீங்கள் நீலப் பேனாவில் வரைந்த படம் இருந்தது. குடலின் நுனியில் அம்புக்குறி, பக்கத்தில் மூன்று கோடுகள், 'கிளிப்' என்ற எழுத்து. எண்டோஸ்கோபி டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "யாரும்மா இதை வரைஞ்சது?" என்று கேட்டார். ஜுரம் தணிந்ததும், தோலைச் சின்னதாகக் கீறி, குடலின் அந்த நுனி வழியாகவே ஸ்கோப்பை விட்டார். சுருங்கிய வாயைப் பலூனால் விரித்து, சேறு மாதிரி அடைத்திருந்த கல்லையெல்லாம் எடுத்தார். டாக்டர், உங்களுக்கு என் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. முடியும்வரை என் கையை விடாமல் பிடித்திருந்த சிஸ்டர், உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சர்ஜன் ஐயா, நீங்கள் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இந்த மடல் உங்கள் கண்ணில் பட வேண்டும். மூன்று கிளிப்பும் நீங்கள் வரைந்த இடத்திலேயேதான் இருந்தன, ஐயா.