மரியன் அக்காவுக்கு, மல்லாவியில் இருந்து

அன்புள்ள மரியன் ஜோன்ஸ் அக்காவுக்கு,

நீங்கள் அமெரிக்காவின் ஓட்டக்காரி, பிறந்தது 1975 இல், நான் பிறந்தது 86 இல். பதினொரு வயது மூத்த ஒருவரை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட எங்கள் ஊரில் வாய் வராது, அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

போன கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நின்று சிட்னி ஒலிம்பிக் 200 மீற்றர் இறுதி ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலங்கைக்கு ஓடிய சுசந்திகா ஜயசிங்கவைப் பார்க்கத்தான் போட்டிருக்கிறார்கள், ஆனால் கண் முழுக்க உங்கள்மேல். வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வந்ததும் நீங்கள் தனியாகப் போவீர்களே, அந்த இடத்தில் ஒருத்தி "ரீச்சர், இவ ஆர்?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் இன்னொருத்தன் "அது கள்ளி, மருந்தடிச்சு மறியலுக்குப் போனவ" என்றான். அவன் சொன்னதில் பெரிய பிழை இல்லை. ஆனாலும் எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது, ஏனென்றால் அந்த வயதில் என்னை எல்லோரும் மரியன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

2000 ஆம் ஆண்டு செப்ரெம்பர். நாங்கள் இடம்பெயர்ந்து வந்து மல்லாவிப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தோம். வன்னிக்குள் கரண்ட் இல்லை, பற்றரியும் தடைசெய்த சாமான். றேடியோ கேட்பதென்றால் சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்துக் கொடுக்கவேண்டும். அண்ணா சுற்றுவார். கை உளைந்து சுற்று மெதுவானால் செய்தி வாசிப்பவரின் குரல் இழுபட்டு இழுபட்டு அடங்கிவிடும், பிறகு அவர் வேகம் பிடித்தால் நடுவில் ஒரு வசனம் போயிருக்கும். சிட்னி முடிவை நான் அப்படித்தான் கேட்டேன். "மரியன் ஜோன்ஸ்" என்றது கேட்டது, இடையில் ஒன்றும் இல்லை, பிறகு "வெண்கலப் பதக்கம்" என்றது. அண்ணா வெறி பிடித்தவர்மாதிரிச் சுற்றினார். சுசந்திகாவுக்கு வெண்கலம். 1948 இல் டங்கன் வைற் வெள்ளி எடுத்த பிறகு 52 வருசம் கழித்து இலங்கைக்கு ஒரு ஒலிம்பிக் பதக்கம்.

அது எங்களுக்கு எப்படிப்பட்ட காலம் என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்தக் கொடிக்குக் கிடைத்த பதக்கத்துக்கு எங்கள் பக்கத்தில் யாரும் கை தட்டப்போவதில்லை. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்பாதான் சுருட்டை எடுத்துவிட்டு, "ஆர் பெத்த பிள்ளையோ, நல்லா ஓடியிருக்கு" என்றார்.

எனக்கோ நீங்கள்தான் எல்லாம். சிட்னியில் மூன்று தங்கம், இரண்டு வெண்கலம். பழைய பேப்பர் ஒன்றில் வந்த உங்கள் படத்தை வெட்டிக் கணக்குக் கொப்பியின் உள் அட்டையில் ஒட்டியிருந்தேன். அடுத்த இல்ல மெய்வல்லுநர் போட்டியில் உங்களைப்போல நாடியை நிமிர்த்திக்கொண்டு ஓடினேன், வெறுங்காலோடு, சுண்ணாம்புக் கோடு போட்ட தரையில். 200 மீற்றரில் முதலாவது. அன்றைக்கு ஒட்டிய பேர்தான் மரியன்.

2007 ஒக்ரோபரில் நீங்கள் நியூயோர்க் மாநிலத்தில் இருக்கிற சமஷ்டி நீதிமன்றம் ஒன்றின் வாசலில் நின்று அழுதபடி மன்னிப்புக் கேட்ட செய்தி எங்களுக்கும் வந்தது. பாதை பூட்டி, திரும்பவும் சண்டை. அதற்கு நடுவிலும் இதைக் கதைத்தோம். "பிடிபட்டாப் பிறகு எல்லாரும் அழுவினம்" என்றார்கள். "அப்பவே தெரியும், ஒரு பொம்பிளை அப்பிடி ஓடேலுமே" என்று சொன்னவர்களும் உண்டு, அவர்களில் ஒருவர்கூட 2000 இல் அப்படி வாய் திறந்ததை நான் கேட்டதில்லை. நான் கொப்பி அட்டையில் இருந்து படத்தைக் கிழித்தேன். பாதி வந்தது, பாதி ஒட்டிக்கொண்டு நின்றது.

பிறகு வருசக்கணக்காக உங்களைப்பற்றித் தேடித்தேடி வாசித்தேன். உங்களை 6 மாதம் சிறைக்கு அனுப்பியது ஊக்கமருந்து இல்லை, பொய். 2003 இல் அரசாங்கப் புலனாய்வாளர் முன்னால் இருத்திக் கேட்டபோது நீங்கள் மருந்து எடுக்கவே இல்லை என்றீர்கள். அந்த மருந்து பரிசோதனையில் அகப்படாதபடி செய்யப்பட்டது, 2003 இல் ஒரு ஊசிக்குழாயில் கொஞ்சம் கைக்கு வரும்வரை ஆய்வுகூடங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்தக் குழாயை அனுப்பிவைத்தவர் உங்கள் பழைய பயிற்சியாளர்தான். 2004 இல் விக்ரர் கொன்ரே தொலைக்காட்சியில் வந்து உங்களுக்கு மருந்து கொடுத்தேன் என்றார். அவர் ஒன்றும் உத்தமர் இல்லை, மருந்து கொடுத்த நிறுவனமே அவருடையது, ஆனால் அவர் சொன்னது உண்மை. நீங்கள் 25 மில்லியன் டொலர் கேட்டு அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டீர்கள். அக்கா, எனக்கு ஆறாத இடம் இதுதான். மருந்தை ஆளிவிதை எண்ணெய் என்று நினைத்துத்தான் எடுத்தேன் என்றீர்கள், அதைக்கூட நம்ப எனக்கு விருப்பம். வழக்கை அப்படி ஒன்றும் நினைத்துப் போட்டிருக்க முடியாதே. அந்த நேரம் உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

இதே காலத்தில் சுசந்திகாவுக்கு நடந்ததையும் சொல்லவேண்டும். 1998 இல் அவர்மேலும் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு வந்தது. பிறகு அதிலிருந்து விடுபட்டார். ஆனால் சனத்தின் வாய் விடுமா? ஏழை வீட்டுப் பிள்ளை, பெரிய இடங்களை எதிர்த்துப் பேசுகிற பிள்ளை, உடம்பு வேறு உரம் பாய்ந்த உடம்பு, அவர் எடுத்திருப்பார் என்று நம்புவது எல்லோருக்கும் சுகமாக இருந்தது. எடுக்காதவரைச் சந்தேகப்பட்டோம், எடுத்த உங்களைக் கொப்பியில் ஒட்டினோம். அதில் நானும் ஒருத்தி. அவரும் 1975 இல் பிறந்தவர்தான், உங்களுக்கு இரண்டு மாதம் இளையவர்.

2009 டிசெம்பரில் ஒலிம்பிக் குழு அந்த 200 மீற்றர் பதக்கங்களை மாற்றியது. பஹாமாஸின் போலின் டேவிஸுக்குத் தங்கம், சுசந்திகாவுக்கு வெள்ளி, நாலாவதாக வந்த ஜமைக்காவின் பெவர்லி மக்டொனால்டுக்கு வெண்கலம். நாங்கள் அப்போது செட்டிகுளத்தில், மெனிக் பாம் முகாமில் இருந்தோம். அப்பா இல்லை. தண்ணி லைனில் கானோடு நின்றபோது முன்னால் நின்ற பெடியன் ஒருவன் திரும்பி, "எங்கட சுசந்திகாவுக்கு வெள்ளியாம்" என்றான். எங்கட என்று சொன்னான். கம்பி வேலிக்கு உள்ளே நின்று, அந்த வருசம் அவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, அவன் வாயில் அந்தச் சொல் எப்படி வந்தது என்று இன்றைக்கும் நினைப்பேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "ஒம்பது வருசம் கழிச்சுக் குடுத்து என்ன செய்யிறது, அந்தப் பிள்ளை அண்டைக்கெல்லோ ஏறியிருக்கவேணும்" என்றார். லைன் நகர்ந்தது. அவ்வளவுதான் கதை.

மறியல், கண்ணீர், பறித்த பதக்கம் என்று உலகம் முழுக்க உங்களைப்பற்றியே கதைத்தது. திட்டியவர்களும் உங்களைத்தான் பார்த்தார்கள், பாவம் என்றவர்களும் உங்களைத்தான். 22.27 இலும் 22.28 இலும் வந்தவர்களை, செக்கனில் நூறில் ஒரு பங்குதான் அவர்களுக்கு இடையில், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெவர்லி ஒன்றும் இல்லாமல் அந்த மைதானத்தை விட்டுப் போயிருப்பார். அஞ்சலோட்டத்தில் உங்களோடு ஓடிய பிள்ளைகளின் பதக்கங்களையும் திருப்பிக் கேட்டார்கள், 2010 இல் வழக்காடித்தான் அவர்கள் மீட்டார்கள்.

நான் இப்போது விளையாட்டுப் பாடம் படிப்பிக்கிறேன். இரண்டு வருசத்துக்கு முன்னால் எங்கள் பிள்ளை ஒருத்தி 200 மீற்றரில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்த பிள்ளை தங்கச்சியின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டி வயதைக் குறைத்து ஓடியது பிறகு தெரியவந்தது. கேட்டபோது அந்தப் பிள்ளையும், கூட்டிவந்த பெரியவர்களும் சத்தியம் பண்ணினார்கள், எங்கள் பிள்ளைக்குத்தான் எரிச்சல் என்றார்கள். மூன்று மாதம் கழித்து, முதலாமிடம் என்று போட்ட புதுச் சான்றிதழ் பழுப்புக் கவரில் வந்தது. கையில் கொடுத்தேன். வாங்கி, மடியாமல் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் வாங்கு இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, துணி விரித்து அவளை ஏற்றினேன். பள்ளிக்கூடம் முழுக்கக் கை தட்டியது, சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள். அவள் சிரித்தாள். இறங்கி வந்து என் காதுக்குள் சொன்னாள்: "ஓடின உடன ஏறினா மூச்சு வாங்கும் என்ன, ரீச்சர். இண்டைக்கு வாங்கேல்ல."

அக்கா, உங்களை மன்னிக்கிற உரிமை எனக்கு இல்லை. அந்தப் பெடியன் கள்ளி என்றபோது நான் அவனைப் பேசவும் இல்லை, ஓம் என்று சொல்லவும் இல்லை. நீதிமன்ற வாசலில் எல்லோருக்கும் பொதுவாக மன்னிப்புக் கேட்டீர்கள், உங்களைப்போன்ற பலர் அதுகூடச் செய்யவில்லை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் போலினுக்கும் சுசந்திகாவுக்கும் பெவர்லிக்கும் பேர் சொல்லி ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள். முன்னமே எழுதியிருந்தால் இன்னொருக்கால் எழுதுங்கள். அன்றைக்கு அந்தப் படியில் மூச்சு வாங்க நின்றிருக்கவேண்டியவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு காலத்தில் உங்கள் பேரால் கூப்பிடப்பட்ட,
மல்லாவி ரீச்சர் ஒருத்தி