லிமிட் பார்க்காமல் ஒரு எப்.ஐ.ஆர். போடுங்கள்: காவல் நிலைய ஆய்வாளர்களுக்குத் திறந்த மடல்

தமிழகக் காவல் நிலைய ஆய்வாளர்களுக்கு வணக்கம். மனநோயோடு தெருவில் அலைபவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு தூணடியில் ஓர் அம்மா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். சித்திரை வெயிலிலும் மூன்று புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருப்பார். சாப்பாடு கொடுத்தால் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் குழாயடியில் கழுவி, தூணோரம் கவிழ்த்து வைப்பார். நாள் முழுக்க "காவலி, காவலி" என்பார். தெலுங்கில் அப்படியென்றால் 'வேண்டும்', ஏதோ கேட்கிறார் என்று டீ மாஸ்டர் சொன்னார். சரி என்று டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தோம்.

ஒருநாள் காவல் நிலையத்துக்குப் போனேன். "உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார் ஏட்டு. உறவில்லை என்றேன். "அப்ப விடுங்க. அந்த இடம் எங்க லிமிட்டே இல்லை." அடுத்த வாரம் தூணடியில் தட்டு மட்டும் கிடந்தது. ராத்திரி யாரோ வண்டியில் ஏற்றி, நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டார்களாம்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, 100ஆவது பிரிவு, இந்தப் பொறுப்பை உங்களிடம்தான் கொடுத்திருக்கிறது. மனநோயோடு அலைபவர், தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவர் என்று தோன்றினால் நீங்கள் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால், காணாமல் போனவர் என்று எப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். ரேஷன் கார்டு இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். அது 18ஆவது பிரிவு.

பந்தோபஸ்துக்கே ஆள் போதாமல் நீங்கள் திணறுவது தெரியும். ஆனாலும் சென்னையில் உங்கள் துறையே 'காவல் கரங்கள்' மூலம் தெருவில் கிடப்பவர்களை மீட்கிறதே.

எப்.ஐ.ஆரை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் காவலி என்றே ஓர் ஊர் இருப்பது, அந்த அம்மா போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் ஊருக்குப் போகக் கேட்டிருக்கலாம்; நாங்கள் டீ கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு எப்.ஐ.ஆர். போட்டிருந்தால், அந்த ஊர் நிலையத்துக்கு ஒரு போன் போயிருக்கும். அம்மாவைக் காணோம் என்று அங்கே யாராவது புகார் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கலாம்.

நெடுஞ்சாலையோர நிலையங்களில் இருப்பவர்களே, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் ஓர் அம்மா உங்கள் பக்கம் தென்பட்டால், அந்த ஊர்ப் பெயரை அவரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பேருந்து நிலையக் கடைக்காரன் ஒருவன்