காலண்டரில் பண்டிகை நிறங்களை மாற்றியிருக்கிறேன்

டெல் அவிவ் குழு நண்பர்களே, நம் காலண்டரில் யூதப் பண்டிகைகள் எல்லாம் ஒரே நீலத்தில் கிடந்ததால் எது விடுமுறை, எது வேலை நாள் என்றே தெரியவில்லை (போன வருடம் யோம் கிப்பூர் என்ற நோன்பு நாளில் மீட்டிங் வைத்த புண்ணியவான் நான்தான்), அதனால் நேற்று உட்கார்ந்து மூன்றாகப் பிரித்துவிட்டேன். சிவப்பு என்றால் முழு விடுமுறை: ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு), யோம் கிப்பூர், ஷாவுவோத், அப்புறம் ஒரு வாரம் நீளும் பெசாக், சுக்கோத் இரண்டின் முதல் நாளும் கடைசி நாளும். அந்த இரண்டு பண்டிகைகளின் நடு நாட்கள் ஆரஞ்சு, பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஹனுக்கா, பூரிம் பச்சை, வேலை நாட்கள்தான்.

பண்டிகை முந்தின நாள் மாலையே தொடங்கிவிடும், மறக்காதீர்கள். 2026இல் யோம் கிப்பூர் செப்டம்பர் 21 என்றாலும் 20ஆம் தேதி மாலையிலேயே பஸ் இருக்காது, பென் குரியன் விமான நிலையமும் மூடியிருக்கும். அந்த மாலைகளையும் சிவப்பாக்கியிருக்கிறேன்.

தயவுசெய்து யாரும் 'ஆண்டுதோறும்' என்று ரிப்பீட் போடாதீர்கள். எபிரேய நாட்காட்டியில் 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதம் கூடுதலாக வரும், அதனால்தான் 2026இல் செப்டம்பர் 12ஆம் தேதி வரும் ரோஷ் ஹஷானா 2027இல் அக்டோபர் 2க்குப் போகிறது. நிறம் மாறவில்லை என்றால் சொல்லுங்கள், பார்க்கிறேன்.