அவரிடம் ஏன் கேட்கவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம் முடிந்த மறுநாள், "ஆபரேஷன் பண்ணிக்கிறியாம்மா?" என்று நர்ஸ் அவளிடம்தான் கேட்டார். ஃபிளாஸ்க்கும் கையுமாக வாசலில் நின்ற அவள் வீட்டுக்காரரை யாரும் கேட்கவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், மணமான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம்!

இத்தனைக்கும் ஆண்களுக்கான கருத்தடை அறுவையான வாசக்டமிக்கு, அதன் நவீன முறையில், கத்தியும் இல்லை, தையலும் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துளை வழியே விந்துக்குழாயைத் துண்டிக்கிறார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆண்மை போய்விடும் என்பது வெறும் புரளி. ஹார்மோன் நேராக ரத்தத்தில் கலக்கிறது, அந்தக் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம் மூன்று மாதம், விந்துப் பரிசோதனை முடியும்வரை, ஆணுறை அவசியம். இதையெல்லாம் பிரசவ வார்டு வாசலிலேயே கணவரிடம் ஐந்து நிமிடம் சொன்னால் என்ன?

ஒரு வாசகி, மதுரை