டீசல் எஞ்சினுக்கும் ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ரயில் ஆர்வலர்கள் கூடும் இடங்களில் நீராவி எஞ்சின்தான் உயர்ந்தது, டீசலுக்கு உயிரில்லை என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. 1855-இல் தயாரான இ.ஐ.ஆர்.-21 நீராவி எஞ்சினை 2010-இல் மீண்டும் ஓட வைத்த பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்களின் கைத்திறனை, வடசென்னைக்காரன் என்ற முறையில் நானும் பெருமையோடு போற்றுகிறேன். ஆனால், தண்டையார்பேட்டை டீசல் ஷெட்டுக்கு அருகில் வளர்ந்த என் போன்றோருக்கு, அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பில் வாரணாசியில் பல்லாயிரம் தொழிலாளர்கள் உருவாக்கிய, 16 சிலிண்டரும் 2,600 குதிரைத்திறனும் கொண்ட டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின்தான் ரயில் என்ற சொல்லுக்கே பொருள். நின்ற இடத்தில் அது 'தடக் தடக்' என்று விட்டுவிட்டு உறுமும்போது எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். வேகமெடுக்கையில் கூரையிலிருந்து கரும்புகை குபுகுபுவென எழும். இதற்கா உயிரில்லை?

மின்மயமாக்கலால் இவை ஒவ்வொன்றாகப் பழைய இரும்பாகி வருகின்றன. 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் நிலைய வளாகத்தில், மழையில் துருப்பிடிக்காதபடி கூரையிட்டு, இயங்கும் நிலையில் ஓர் ஆல்கோ எஞ்சினையாவது ரயில்வே நிர்வாகம் பாதுகாக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தண்டையார்பேட்டை