கையெழுத்துப் போடுபவர் யாரென்று நோயாளி சொல்லட்டும்

தமிழ்நாடு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சைக் குழுவோடு வீடு வீடாகப் போய்வரும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. தீராத நோயில் படுத்துவிட்ட, வயதான திருநங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே இந்தச் சிகிச்சையைக் கொண்டுவந்தது. நல்ல திட்டம், அதில் சந்தேகமில்லை. சிக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் தொடங்குகிறது.

திருநங்கையின் வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட சமூகக் குடும்பத்தில், அவர் தத்தெடுத்த மகள். படுக்கைப் புண்ணைத் துடைப்பவள், டயப்பர் மாற்றுபவள், நடுராத்திரி வலி ஏறினால் மார்ஃபின் எடுத்துக் கொடுப்பவள் எல்லாம் அவள்தான். ஒப்புதல் படிவம் நீட்டும் நேரத்தில் மட்டும் அவள் யாரோ ஆகிவிடுகிறாள். “ரத்த சொந்தம் யாராவது வரச் சொல்லுங்க” என்கிறார்கள். எப்போதோ வீட்டைவிட்டு அடித்துத் துரத்திய அண்ணனுக்குப் போன் போகிறது. அவர் வராவிட்டால் சிகிச்சை தள்ளிப்போகிறது. வந்துவிட்டால் சில சமயம் அதைவிட மோசம்: உடலை வாங்கிப்போய், வேட்டி கட்டி, பழைய ஆண் பெயரைச் சொல்லிக் காரியம் செய்துவிடுகிறார்கள். அம்மாவுக்குப் பூ வைக்கக்கூட மகளை விடுவதில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி ஒருவர் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, வயதுவந்த யாரையும் தன் பிரதிநிதியாக நியமிக்கலாம். ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. மனநலச் சிகிச்சைக்குச் சரியாக இருப்பது புற்றுநோய் வார்டுக்கு ஏன் ஆகாது? உடலைப் பெறுவது பற்றியும் ஒரு வழி திறந்திருக்கிறது. நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவர் உடலைக் கோரலாம் என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது. ஜமாத் மகளுக்கும், உறவினர் இருந்தும் நோயாளி அவரை வேண்டாமென்ற நிலைக்கும் அதை நாம்தான் நீட்ட வேண்டும். தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதத் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஆகவே நாங்கள் கேட்பது ஒரு சுற்றறிக்கை. அட்மிஷன் படிவத்தில் “எனக்காக முடிவெடுப்பவர்” என்று ஒரு வரி இருக்கட்டும். நோயாளி தெளிவாக இருக்கும்போதே அதை நிரப்பட்டும். அந்தப் பெயருக்கு உரியவரே உடன் தங்கலாம், கையெழுத்திடலாம், உடலையும் பெறலாம். இது திருநங்கைகளுக்கு மட்டும் உதவாது. பிள்ளைகள் கைவிட்ட பின் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் உதவும்.

தனி வார்டு கேட்கவில்லை. தனி வார்டு என்பது கடைசியில் ஸ்டோர் ரூம் பக்கத்தில் ஒரு மூலையாகத்தான் முடியும். பெண்கள் வார்டில் ஒரு கட்டில் போதும்.

செவிலியர் பயிற்சி பற்றியும் ஒன்று. மருத்துவரிடம் போகாமல், தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கையின் கையால் ‘நிர்வாணம்’ (ஆணுறுப்பை அகற்றும் சடங்கு) செய்துகொண்ட மூத்தவர்களுக்குச் சிறுநீர்த் துவாரம் சுருங்கியிருப்பதுண்டு. தெரியாமல் டியூப் போட முயன்றால் ரத்தம்தான் வரும். கூச்சத்தில் அவர்கள் சொல்லமாட்டார்கள். கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

திருநங்கைகளுக்கு 2008-இலேயே நலவாரியம் அமைத்த மாநிலம் இது. அந்த வாரியத்தோடு உட்கார்ந்து, வரும் ஏப்ரல் 15 திருநங்கையர் தினத்துக்குள் இந்தச் சுற்றறிக்கையை வெளியிட முடியும். வரைவு எழுதும் அறைக்கு ஜமாத் மூத்தவர்கள் இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள். இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவரையும்.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வலர்